எறங்கு வளைவும் இரண்டங்குலக் குழாயும்

மறையூரிலிருந்து மூணாறுக்கு ஏறுகிற பாதையில் ஒரு வளைவுக்கு எறங்கு வளைவு என்று பெயர். சர்க்கார் வைத்த பெயரில்லை, பெரியமுத்துவின் டாக்சி வைத்த பெயர். பன்னிரண்டு வருஷமாக அந்த இடம் வந்ததும் வண்டிக்கு மூச்சு வாங்கும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி நடப்பார்கள். யாராவது ஒருவர் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, வண்டி நிற்கும்போதெல்லாம் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். கார் காலியாக முக்கி முனகி மேலே போய் நிற்கும், எல்லோரும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பஸ் கண்டக்டர்களே அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தபோதுதான் பெரியமுத்துவுக்கு லேசாகச் சுருக்கென்றது.

அதற்காக அவன் தன் காரை விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. கோயம்புத்தூர் மில்காரர் வீட்டில் ஒரு காலத்தில் செல்லமாக இருந்த கார் அது. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஜீப்பின் டீசல் இன்ஜினை வைத்த பிறகு கொஞ்சம் சோம்பல் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். "மனுசனுக்கே மலை ஏறுனா மூச்சு வாங்குது. அது இரும்புதானய்யா" என்பான்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில் அவன் தங்கை சின்னத்தாயின் மகள் முத்துப்பேச்சிக்கு நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா சங்கையா சித்திரபுரத்தில் மின்சார போர்டு குடியிருப்பில் இருக்கும் லைன்மேன். கல்யாணம் தை மாதம், மாப்பிள்ளை வீட்டில். எல்லாம் பேசி முடித்து வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்த பிறகு சங்கையா தொண்டையைச் செருமினார்.

"எங்க வகையறாவுல ஒரு வழக்கம் உண்டு. பொண்ணு பெறந்த வீட்டு வாசல்ல வண்டி ஏறுனா, எங்க வீட்டு வாசல்லதான் எறங்கணும். நடுவுல காலு மண்ணுல படக்கூடாது."

"அதுக்கென்ன? தாய்மாமன் நான்தான கூட்டிட்டு வாரேன், என் கார்ல" என்றான் பெரியமுத்து.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒருவர் சிரித்ததும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. சங்கையா மட்டும் சிரிக்கவில்லை, அவர் மரியாதைக்காரர்.

"கோவிச்சுக்கிடாதீக. ஒங்க கார்ல வந்தா எறங்கு வளைவுல என்ன செய்வீக? நாங்க எஸ்டேட் ஜீப்பு ஒண்ணு அனுப்பிருதோம். நீங்களும் அதுலயே வாங்க."

மருமகளை வேறொருவர் வண்டியில் ஏற்றிவிட்டு, தாய்மாமன் ஓரமாக ஒண்டிக்கொண்டு போவதா? பெரியமுத்துவுக்குக் காது சூடாகிவிட்டது. தங்கையின் புருஷன் தோட்ட வேலைக்குப் போகிற சாது. அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நிற்க இவனை விட்டால் ஆளில்லை. கல்யாணத்தில் அவன் கேட்கிற உரிமையும் இந்த ஒன்றுதான்.

"பொண்ணு என் கார்லதான் வருவா. பொண்ணு மட்டுமில்ல, ஒருத்தருமே எறங்க மாட்டாக. ஏறுன அத்தன பேரும் ஒங்க வாசல்லதான் எறங்குவாக."

சின்னத்தாய் அண்ணனின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது. சங்கையா தலையாட்டினார். "சரி. ஆனா ஜீப்பு வளைவுக்கு மேல ஒரு ஒத்தாசைக்கு நிக்கட்டும்" என்றார்.

பெரியமுத்து வெறும் வாயால் பந்தல் போடவில்லை. அவன் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி ஒரு பொருள் இருந்தது. இடுக்கி அணை வேலை முடிந்து இயந்திரங்களைப் பிரித்து ஏலம் விட்டபோது, அங்கே ஃபிட்டராக இருந்த கூட்டாளி ஒருவன் மூலம் வந்தது. பெயர் டர்போ. நத்தை ஓடு போலச் சுருண்டிருந்ததால் அணைக்காரர்களுக்கு அது நத்தை. இன்ஜின் வெளியே தள்ளுகிற புகை நத்தைக்குள் இருக்கிற சக்கரத்தைச் சுற்றும். அது சுற்றும் வேகத்தில் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள் திணிக்கும். காற்றை அமுக்கினால் சூடாகும், சைக்கிளுக்குக் காற்றடித்த யாருக்கும் இது தெரியும். சூட்டுக் காற்றில் சத்து குறைவு. அதனால் நடுவில் அதை ஆற்றுவதற்கு ரேடியேட்டர் போல ஒரு பெட்டி, அதற்கு இன்டர்கூலர் என்று பெயர். நத்தையும் இருந்தது, பெட்டியும் இருந்தது. இரண்டையும் இன்ஜினோடு சேர்க்கிற குழாய்தான் இல்லை. கூட வந்த குழாய்கள் பாறை துளைக்கிற இயந்திரத்தின் உடம்புக்கு வெட்டியவை, காரில் எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தவில்லை.

குழாய் என்றால் பெருமாட்டி சென்னியப்பன்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டீசல் இன்ஜினை மாற்றி வைத்தவரும் அவரே. பெரியமுத்து காரை உடுமலைப்பேட்டை இறக்கி, பொள்ளாச்சி வழியாக எல்லை தாண்டி, பெருமாட்டியில் தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த அவருடைய ஓலைக் கொட்டகை முன்னால் நிறுத்தினான். அந்த வட்டாரத்தில் சென்னியப்பன் குழாய் இறக்காத கிணறு கிடையாது. எவ்வளவு ஆழத்துக் கிணறாக இருந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை அங்குலக் குழாய் போடவேண்டும் என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை.

அவர் நத்தையை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார், உள்சக்கரத்தைச் சுண்டிவிட்டு அது சுற்றுவதை ரசித்தார். பிறகு தரையில் மூன்று குழாய்களை வரிசையாகப் போட்டார். ஒன்று தடித்த ரப்பர் குழாய். இரண்டாவது நாலங்குல இரும்புக் குழாய், பம்புசெட்டுக்குப் போடுவது. மூன்றாவது லாரி சைலன்சரிலிருந்து வெட்டிய இரண்டங்குலக் குழாய், தகடு மெல்லிசு.

"ரப்பரு வேண்டாமுங்க டிரைவரே. சூட்டுல எளகி தவளத் தொண்டையாட்ட உப்பிப்போடும். அந்தச் சைலன்சர் குழாயி ரொம்பக் குறுகலு. நாலங்குலத்தையே போட்டுப்போடலாமுங்க. வாய் அகலமா இருந்தாத்தான தாராளமா வரும்?"

"இது காத்துல்லா?"

"காத்தா இருந்தா என்னுங்க, தண்ணியா இருந்தா என்னுங்க? ரெண்டும் ஓடறதுதானுங்களே?"

நாற்பது கிணறு பார்த்தவர் சொல்லும்போது மறுத்துப் பேச பெரியமுத்துவிடம் சரக்கில்லை. இரண்டு நாள் வேலை நடந்தது. ஆற்று மணலைக் காயவைத்துச் சலித்து, குழாய்க்குள் கெட்டியாக அடைத்து, இரண்டு வாயையும் மரக்கட்டையால் இறுக்கி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்தார். மணல் அடைத்திருந்தால் வளைகிற இடத்தில் குழாய் நசுங்காது. பெட்டியைக் காரின் முன்மூக்கில் வைத்தார். அங்கிருந்து குழாய் ரேடியேட்டரைச் சுற்றி, பேட்டரியைச் சுற்றி, ஒரு குழாய்க்கு வேண்டிய சகல மரியாதையோடும் இன்ஜினுக்கு வந்து சேர்ந்தது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

மறையூர் திரும்பியதும் பெரியமுத்து ஆறு மூட்டை வெல்லத்தை இருக்கைகளில் ஏற்றிக்கொண்டு பரீட்சைக்குக் கிளம்பினான். சந்தனக் காட்டைத் தாண்டி நேர்பாதையில் கார் பறந்தது. நத்தை விசிலடித்தது, இவனும் சேர்ந்து விசிலடித்தான். எறங்கு வளைவு வந்தது. வேகம் குறைத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, திரும்பியதும் ஆக்சிலேட்டரை மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். நாலு எண்ணும்போது நத்தை முனக ஆரம்பித்தது, அதற்குள் கார் திணறி அணைந்துவிட்டது. மூன்று தடவை கீழே இறக்கி மறுபடி ஏற்றினான். மூன்று தடவையும் வளைவு தாண்டிப் போயிருக்கவேண்டிய பலம், வண்டி நின்ற பிறகு வந்தது.

சக்கரத்துக்கு அண்டை கொடுத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சேர்ந்த கற்கள் பாதையோரம் குவிந்து கிடந்தன. அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். உண்மையைச் சொன்னால் அப்போது அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. தான் தலைகுனிவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். புகுந்த வீட்டில் அந்தப் பிள்ளையை ஆயுசு முழுக்க "நடந்து வந்த பொண்ணு" என்று சொல்வார்களே, அதைத்தான் தாங்க முடியாது.

எதிர்ப்பக்கத் தேயிலை ஃபாக்டரியில் மத்தியானச் சங்கு ஊதியது. டாக்சி ஓட்டுவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அதேபோல ஒரு ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தவன் அவன். நீளமான கம்பிவலைத் தொட்டியில் கொழுந்தைப் பரப்பி, ஒரு முனையிலிருந்து பெரிய விசிறியால் காற்றைச் செலுத்துவார்கள். விசிறிக்கும் தொட்டிக்கும் நடுவில் கேன்வாஸ் துணிக் குழாய் இருக்கும். விசிறி தள்ளி நின்ற தொட்டிகளில் துணிக்குழாய் நீளம், அகலம். விசிறியைப் போட்டால் முதலில் துணி உப்பும், சாவகாசமாக உப்பி முடித்த பிறகுதான் கொழுந்து அசையும். விசிறி ஒட்டி நின்ற தொட்டியிலோ போட்ட மாத்திரத்தில் கொழுந்து துள்ளும்.

பெரியமுத்து கல்லை விட்டு எழுந்தான். இத்தனை வருஷம் காற்றோடு குடித்தனம் நடத்திய தான், கிணற்றுக்காரர் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டோமே என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டான். பயம் போன இடம் தெரியவில்லை. மறுநாளே பெருமாட்டியில் நின்றான்.

"சைலன்சர் குழாயை எடுங்க அண்ணாச்சி. ரெண்டங்குலம். பெட்டியை மூக்குல இருந்து கழத்தி இன்ஜினுக்கு மேல வைங்க. குழாய் எங்கயும் ஒரு முழத்துக்கு மிஞ்சக்கூடாது."

"அங்க வெச்சா பெட்டிக்கு எதுத்த காத்து எப்பிடிங்க படும்?"

"பானட்டுல ஓட்டை போடுங்க."

சென்னியப்பன் காரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "குறுகலாப் போட்டா இன்ஜினுக்கு மூச்சு முட்டிப்போடுமுங்க."

"கெணத்துல தண்ணி எப்பவும் நெறஞ்சு கெடக்கு. குழாயும் நெறஞ்சே கெடக்கு. நான் ஒவ்வொரு வளைவுலயும் காலை எடுத்துட்டு மறுபடி மிதிக்கணும். மிதிக்கும்போதெல்லாம் அந்த நாலங்குலக் குடலு பூரா நெறஞ்சு இறுகுனாத்தான் இன்ஜினுக்குப் பலம் வருது. அது நெறயறதுக்குள்ள நான் நின்னுருதேன்."

"நானும் சொல்லிப்போட்டனுங்க. மலையில மூச்சு முட்டுனா என்னையக் கேக்கப்படாது."

"கேக்க மாட்டேன். நீங்களே வந்து பாருங்க. கல்யாணத்துக்கு முன் சீட்டு ஒங்களுக்கு."

பானட்டில் ஓட்டை விழுந்தது. இரண்டங்குலக் குழாய் இரண்டு துண்டாக, கை நீளத்துக்கு உள்ளாக வளைந்தது. வளைத்து முடித்த பிறகு பெரியமுத்துவே உட்கார்ந்து அதைத் தட்டித் தட்டி, டீசல் ஊற்றிக் கழுவி, உள்ளே துணியை விட்டு இழுத்தான். துணியில் ஒரு மணல் ஒட்டாமல் வருகிற வரைக்கும் இழுத்தான். ஒரு மணல் இன்ஜினுக்குள் போனாலும் கதை கந்தலாகிவிடும். குழாய் சேருகிற ஒவ்வொரு வாயிலும் கெட்டி ரப்பர் போட்டு, ஒரு கிளிப் போதும் என்ற இடத்தில் இரண்டு கிளிப் முடுக்கினான்.

திரும்பி வந்து அதே ஆறு மூட்டை வெல்லத்தோடு வளைவுக்குப் போனான். திருப்பினான், மிதித்தான். மிதித்த காலுக்கு வண்டி பதில் சொன்னது. ஆறு மூட்டைகளும் இறங்காமல் மேலே வந்து சேர்ந்தன. பெரியமுத்து காரை ஓரங்கட்டி, குழாய்க்கு ஒரு கும்பிடு போட்டான்.

தை மாதம் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், காருக்குச் சாமந்தி மாலை போட்டுக் கிளம்பினார்கள். முன்னால் பெரியமுத்து, நடுவில் சென்னியப்பன், ஓரத்தில் முத்துப்பேச்சியின் அப்பா. பின்னால் முத்துப்பேச்சி, ஒரு பக்கம் சின்னத்தாய், மறுபக்கம் அத்தைமார் இரண்டு பேர். வண்டி எடுக்கும் முன் பெரியமுத்து சத்தமாகச் சொன்னான், "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. சித்திரபுரம் வரைக்கும் யாரும் எறங்க வேண்டாம்."

"சரிண்ணே" என்றாள் சின்னத்தாய். அத்தைமாரும் தலையாட்டினார்கள்.

கார் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைகளின் வாசனையைத் தாண்டி, சந்தனக் காட்டைத் தாண்டி, தேயிலைக்குள் ஏறியது. ஏழு பேரும் அத்தைமாரின் பலகாரத் தூக்குகளும் வண்டிக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பெரியமுத்து பாட்டுப் பாடாத குறை. எறங்கு வளைவு வந்தது. மேலே ஐம்பதடி தள்ளி ஜீப் நின்றிருந்தது. அதன் டிரைவர் சிலுவைராஜ் பானட்டில் சாய்ந்து, கக்கத்தில் ஒரு புதுப் பாயை இடுக்கிக்கொண்டிருந்தான். பெண் மாறி ஏறவேண்டி வந்தால் மண் படாமல் விரிப்பதற்கு. அந்தப் பாயைப் பார்த்ததும் பெரியமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கியரை இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்தான். வண்டி ஒரு கணம் குலுங்கியது.

அவ்வளவுதான். மூன்று கதவும் படபடவென்று திறந்தன. இடப்பக்கம் அத்தைமார் இரண்டு பேரும் தூக்கோடு இறங்கிவிட்டார்கள். முன்னால் ஓரத்தில் இருந்த மச்சான் இறங்கி, கல்லை எடுத்து, சக்கரத்துக்குப் பின்னால் வைத்தே முடித்துவிட்டார். சின்னத்தாய் வலப்பக்கம் இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கவே ஆரம்பித்திருந்தாள். பெரியமுத்து பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தான். முத்துப்பேச்சி நகர்ந்து வந்து, ஒரு காலைக் கதவுக்கு வெளியே நீட்டியிருந்தாள். கொலுசு போட்ட பாதத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"ஏ பேச்சி!"

அவன் போட்ட சத்தத்தில் அவள் காலை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "தெரியாம மாமா" என்றாள்.

நடுவில் சென்னியப்பன் மட்டும் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்தார். அவருக்கு இந்தப் பாதை புதுசு. "ஏனுங்க, எல்லாரும் எங்கீங்க போறாங்கோ?" என்று கேட்டார்.

வண்டி நின்றதைப் பற்றிக்கூடப் பெரியமுத்துவுக்கு வருத்தமில்லை. கூடப் பிறந்தவள் காலே அவனை நம்பவில்லையே, அதுதான். சிலுவைராஜ் பாயோடு இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"மாமா, நாம மட்டும் போயிருவமா? அவுக நடந்து வரட்டும்" என்றாள் முத்துப்பேச்சி மெல்ல.

போயிருக்கலாம். பெண்ணின் கால் மண்ணில் படவில்லை, சங்கையாவின் வழக்கத்துக்கு அது போதும். காலி வண்டி இந்த வளைவில் என்றைக்கும் ஏறித்தான் இருக்கிறது. யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவன் சபையில் சொன்னது அதுவல்ல.

"முடியாது. அத்தன பேரும் வந்து ஏறுங்க."

"நின்ன எடத்துல இருந்து எப்படிண்ணே ஏறும்?" என்று சின்னத்தாய் கலங்கிய குரலில் கேட்டாள். "ஓடி வந்தாலே ஏறாத எடமாச்சே."

"ஏறு தாயி."

ஏறினார்கள். அத்தைமார் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டார்கள். மச்சான் கல்லை எடுக்கவில்லை.

"கல்லை எடுத்து ஓரமாப் போடுங்க மச்சான்."

"ஒரு பாதுகாப்புக்குக் கெடக்கட்டுமே மாப்ள."

"எடுங்க."

எடுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரியமுத்து முதல் கியரைப் போட்டு, கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். இரண்டு எண்ணுவதற்குள் நத்தை விசிலடித்தது. கிளச்சை விட்டு, கை பிரேக்கை விட்டான். கார் பின்னால் ஒரு அங்குலம்கூட நழுவவில்லை. ஏழு பேரையும் தூக்கிக்கொண்டு வளைவில் ஏறியது. சிலுவைராஜ் பாயோடு ஒதுங்கி வழிவிட்டான். ஜீப்பைத் தாண்டி, வளைவைத் தாண்டி, இரண்டாவது கியரும் விழுந்த பிறகு சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

"நாலங்குலமா இருந்திருந்தா இன்னேரம் நாமெல்லாம் அந்தப் பாயில உக்காந்திருப்பமுங்க" என்றார்.

மூணாறு தாண்டிச் சித்திரபுரத்துக்கு இறங்கும்போது பெரியமுத்து கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தான். சின்னத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குடியிருப்பு வாசலில் ஆலத்தியோடு நின்றார்கள். முத்துப்பேச்சி இறங்கி, முதல் காலைச் சங்கையா வீட்டு வாசல் கோலத்தின் மேல் வைத்தாள். குலவைச் சத்தம் போர்டு குடியிருப்பு முழுக்கக் கேட்டது. பின்னாலேயே ஜீப்பும் வந்து நின்றது. சங்கையா ஆட்களை எண்ணினார், பானட்டில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். மரியாதைக்காரர்தான், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வளைவுல எத்தன பேரு எறங்குனீக?"

பெரியமுத்து வாயெடுப்பதற்குள் சின்னத்தாய் முன்னால் வந்து நின்றாள்.

"நாலு பேரு எறங்குனோம், நானும்தான். எங்கள எறக்குனது காரு இல்ல. பன்னெண்டு வருசப் பழக்கம், காலு தானா எறங்கிருச்சு. எங்கண்ணன் எங்கள விட்டுட்டு வந்திருக்கலாம். நின்ன எடத்துல நிப்பாட்டி, அத்தன பேரையும் மறுபடி ஏத்தி, அந்த வளைவுலயே கெளப்பிக் கொண்டாந்தாரு. ஒங்க டிரைவரைக் கேளுங்க."

சிலுவைராஜ் தலையாட்டினான். "கல்லைக்கூட எடுத்துப் போட்டுட்டாரு" என்றான்.

சங்கையா சிலுவைராஜின் கக்கத்திலிருந்து அந்தப் புதுப் பாயை உருவி, வீட்டுக்குள் கொண்டுபோய் மணவறைக்குப் பக்கத்தில், பெரியவர்கள் உட்காருகிற வரிசையில் தன் கையாலேயே விரித்தார்.

"வந்து உக்காருங்க மச்சான்" என்றார்.

பெரியமுத்து உடனே போகவில்லை. பானட்டைத் தூக்கி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு குழாயை அசைத்துப் பார்த்தான். சூடாக இருந்தது, கிளிப்புகள் எல்லாம் போட்ட இடத்தில் இருந்தன. பானட்டை மூடிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான்.